பொன்னைக் கரைத்தவர்: ஜான் ஸ்டூவர்ட் மெக்ஆர்தர்

ஆடி மாதம் பிறந்ததும் கோலார் தங்கவயலில் மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு ஒரு தனி நிறம் வந்துவிடும். மாரிக்குப்பம், சாம்பியன் ரீப், உரிகம் என எப்பகுதியில் வாழ்வோரும் அந்நிறத்தை அறிவர். அது வெளிறிய சாம்பல் நிறம். உலர்த்திய துணியிலும், மூடாத குடத்து நீரிலும், வாசலில் நிற்கும் வேப்பமரத்தின் இலையிலும் அது மெல்லிய பொடியாகப் படியும். ஊரை ஒட்டி எழுந்து நிற்கும் வெண்சாம்பல் மேடுகளிலிருந்து காற்று அதனை அள்ளி வருகிறது. அந்த மேடுகளை மக்கள் சயனைடு மலைகள் என்று அழைக்கின்றனர்.

இவை இயற்கையான மலைகள் அல்ல. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பூமியின் ஆழத்திலிருந்து வெட்டி எடுத்த பாறையை மாவாக அரைத்து, அதிலிருந்த பொன்னைப் பிரித்த பின்னர் எஞ்சிய கசடே மலையாகக் குவிந்துள்ளது. பதின்மூன்று மேடுகளில் ஏறத்தாழ 3 கோடியே 30 இலட்சம் டன் கசடு கிடக்கிறது. சயனைடு என்னும் சொல் இவ்வூர் மக்களின் நாவில் இத்தனை இயல்பாகப் புழங்குவதற்குக் காரணமானவர் ஸ்காட்லாந்து நாட்டு வேதியியலாளர் ஒருவர். உலகின் தங்கத் தொழிலையே மாற்றியமைத்த ஜான் ஸ்டூவர்ட் மெக்ஆர்தர் என்பவரே அவர். சுரங்கத் தொழிலர் உலகில் புகழ்பெற்ற அப்பெயரைத் தங்கவயலிலேயே பலர் கேள்விப்பட்டதில்லை என்பது வியப்புக்குரியது.

மெக்ஆர்தர் 1856ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் பிறந்தார். கப்பல் கட்டும் தளங்களும் இரும்பு ஆலைகளும் வேதிப்பொருள் தொழிற்சாலைகளும் நிறைந்த நகரம் அது. பெரிய பல்கலைக்கழகப் பட்டம் பெற்று அறிவியலுக்குள் நுழையும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை. பதினான்கு வயதிலேயே தார்சிஸ் கந்தக, தாமிர நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த கனிமக் கற்களிலிருந்து தாமிரத்தைப் பிரிப்பது அந்நிறுவனத்தின் தொழில். அக்கற்களில் பொன்னும் வெள்ளியும் மிகச் சிறிதளவே கலந்திருந்தன. மிகுதியான மண்ணில் ஒளிந்திருக்கும் மிகக் குறைவான பொன்னை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு பிரிப்பது என்னும் கேள்வியோடுதான் அவருடைய இளமை கழிந்தது. குடுவையும் தராசும் வடிதாளுமே அவருக்குப் பள்ளிக்கூடமாயின.

அக்காலத்தில் தங்கச் சுரங்கங்கள் எதிர்கொண்ட இடர்ப்பாட்டை இங்கே விளக்க வேண்டும். பாறையை இடித்துத் தூளாக்கி, நீருடன் கலந்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மீது ஓடவிடுவர். பொன் துகள்கள் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். பின்னர் அதனைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் பொன் எஞ்சும். கண்ணுக்குத் தெரியும் அளவிலான பொன்னுக்கு இம்முறை போதுமானது. ஆனால் மிக நுண்ணிய துகளாகவோ, கந்தகம் கலந்த கனிமத்துக்குள் பொதிந்தோ இருக்கும் பொன்னைப் பாதரசத்தால் பற்ற இயலவில்லை. சுரங்கம் ஆழமாகச் செல்லச் செல்ல இத்தகைய பாறையே மிகுந்தது. இதனால் பொன்னின் பெரும்பங்கு கசடோடு சேர்ந்து வெளியேறியது. வீசி எறிந்த கசடில் பொன் இருப்பது சுரங்க முதலாளிகளுக்குத் தெரியும். அதனை எடுக்கும் வழிதான் தெரியவில்லை.

அவ்வழியைத் தேடியவர் பலர். குளோரின் வாயுவைக் கொண்டு பொன்னைக் கரைக்கும் முறை இருந்தது. அது செலவு மிக்கது. மின்சாரத்தையும் குளோரினையும் இணைத்துக் கையாளும் முறை ஒன்றை நம்பிக் கிளாஸ்கோவில் காசெல் தங்கம் பிரிக்கும் நிறுவனம் தொடங்கப்பட்டது. அம்முறை தோல்வியுற்றது. போட்ட பணத்தை இழந்துகொண்டிருந்த அந்நிறுவனத்திற்கு வேறொரு முறை உடனடியாகத் தேவைப்பட்டது. மெக்ஆர்தரின் ஆய்வு அத்தேவைக்கு விடையாக அமைந்தது.

ராபர்ட் பாரஸ்ட், வில்லியம் பாரஸ்ட் என்னும் உடன்பிறந்த மருத்துவர்கள் இருவர் மெக்ஆர்தருக்குத் துணைநின்றனர். பகலில் நோயாளிகளைக் கவனித்த அவர்களின் மருத்துவ இல்லத்தின் கீழ்த்தளமே மூவருக்கும் ஆய்வுக்கூடமாயிற்று. அவரவர் தொழிலை முடித்துவிட்டு மாலை வேளைகளில் அங்கே கூடுவர். பொன்னைக் கரைக்கக்கூடும் எனத் தோன்றிய திரவங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அரைத்த பாறைப்பொடியோடு கலந்து, ஊறவைத்து, வடித்துச் சோதித்தனர்.

1886ஆம் ஆண்டின் இறுதியில் அவர்கள் பொட்டாசியம் சயனைடையும் சோதித்துவிட்டனர் என்பது இவ்வரலாற்றின் சுவையான செய்தி. வடித்த நீரில் பொன் கரைந்திருக்கிறதா என்று அறிய ஐதரசன் சல்பைடு வாயுவைச் செலுத்துவது அவர்களின் வழக்கம். பொன் இருந்தால் கருநிற வீழ்படிவு தோன்றும். சயனைடுக் கரைசலில் அவ்வாறு எதுவும் தோன்றவில்லை. எனவே சயனைடு பயனற்றது என்று குறித்துவிட்டு அடுத்த பொருளுக்குச் சென்றனர். ஓர் ஆண்டு வேறு வழிகளில் கழிந்தது. 1887இல் மெக்ஆர்தர் பழைய குறிப்புகளை மீண்டும் எண்ணிப் பார்த்தார். பிழை சயனைடில் இல்லாமல் சோதனை முறையில் இருக்கலாமோ என்னும் ஐயம் எழுந்தது. பொன் சயனைடோடு மிக இறுகப் பிணைந்துவிட்டால் ஐதரசன் சல்பைடால் அதனைப் பிரித்து வீழ்த்த இயலாதல்லவா? இம்முறை வடிநீரை விட்டுவிட்டு, ஊறிய பொடியில் எவ்வளவு பொன் எஞ்சியுள்ளது என்று அளந்தனர். பொன்னில் பெரும்பகுதி அப்பொடியை விட்டு நீங்கியிருந்தது. ஓராண்டுக்கு முன்பே கைக்கு எட்டிய வெற்றியைத் தவறான அளவுகோலால் அளந்து தள்ளிவைத்திருந்தனர் என்பது அப்போது புலப்பட்டது.

1887 அக்டோபர் 19 அன்று மெக்ஆர்தரும் பாரஸ்ட் உடன்பிறந்தோரும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். கரைந்த பொன்னைத் துத்தநாகச் சீவல்களின்மீது படியவைத்து மீட்கும் வழிக்கு அடுத்த ஆண்டில் மற்றொரு காப்புரிமை பெற்றனர். முறை எளியது. நன்கு அரைத்த பாறைப்பொடியைப் பெரிய தொட்டிகளில் நிரப்புவர். மிக நீர்த்த சயனைடுக் கரைசலை அதன்மேல் ஊற்றி ஊறவிடுவர். காற்றிலுள்ள ஆக்சிசனின் துணையோடு சயனைடு பொன்னைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். வடித்தெடுத்த நீர் துத்தநாகச் சீவல்களின் இடையே செல்லும்போது துத்தநாகம் கரைந்து தன் இடத்தைப் பொன்னுக்குக் கொடுத்துவிடும். கரைசல் நீர்த்ததாக இருப்பதே இதன் நுட்பம். வலிமையான கரைசல் தாமிரம் முதலிய பிற உலோகங்களையும் கரைத்துச் சயனைடை வீணாக்கும். நீர்த்த கரைசலோ பொன்னையும் வெள்ளியையும் முதலில் நாடுகிறது.

சயனைடு உயிரைப் போக்கும் கொடிய நஞ்சு என்பது அன்றும் எல்லாரும் அறிந்ததே. அதனைத் தொட்டி தொட்டியாகச் சுரங்க வாயிலில் ஊற்றுவது என்பதைக் கேட்டபோது பலர் அஞ்சினர், சிலர் நகைத்தனர். நியூசிலாந்தின் கரங்கஹாக்கே என்னும் ஊரிலுள்ள கிரவுன் சுரங்கத்தில் 1889இல் இம்முறை தொழில் அளவில் செயற்பட்டது. மறு ஆண்டு தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் செயல்விளக்கம் நடந்தது. அந்நேரத்தில் அங்கே சுரங்கங்கள் ஆழமான கந்தகப் பாறையை எட்டியிருந்தன. பாதரச முறை கைவிட்டதால் பங்குகளின் விலை சரிந்து, நகரமே காலியாகிவிடுமோ என்னும் அச்சம் பரவியிருந்தது. மெக்ஆர்தரின் முறை நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேலாகப் பொன்னை மீட்டுக் காட்டியது. ஜோகன்னஸ்பர்க் பிழைத்தது. முன்பு பயனற்றவை என ஒதுக்கிய கசடுக் குவியல்களும் திடீரென விலைமதிப்புப் பெற்றன.

கோலார் தங்கவயலின் வரலாறு இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1802இல் இப்பகுதியை அளக்க வந்த ஜான் வாரன் இங்குள்ள மண்ணில் பொன் இருப்பதை உலகுக்கு அறிவித்தார். 1870களில் லவெல் என்னும் ஓய்வுபெற்ற படைவீரர் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றுச் சுரங்க முயற்சியைத் தொடங்கினார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்ற பின்னரே தொழில் வேரூன்றியது. வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பம் குடும்பமாக வந்து லைன் வீடுகளில் குடியேறினர். 1890களில் சயனைடுத் தொட்டிகள் தங்கவயலுக்கும் வந்து சேர்ந்தன. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததும் பாறையை இடிக்கும் ஆலைகள் மேலும் விரைவாக இயங்கின.

இங்கே ஒரு கணக்கைப் பார்ப்பது நன்று. சுரங்கம் இயங்கிய காலம் முழுவதிலும் ஏறத்தாழ 5 கோடி டன் பாறை வெட்டி எடுக்கப்பட்டது. கிடைத்த பொன் 800 டன்னுக்குச் சற்று மேல். அதாவது ஒரு டன் பாறைக்குச் சராசரியாக 16 கிராம். இரண்டு சவரன் எடையுள்ள நகைக்கு ஒரு டன் பாறை அரைபட வேண்டும். பொன் வெளியூர் சென்றுவிட்டது. அரைபட்ட பாறை ஊரிலேயே தங்கிவிட்டது. சயனைடு பொன்னைத் தொட வேண்டுமானால் பாறை மிக நுண்ணிய பொடியாக வேண்டும் என்பதே இம்முறையின் நிபந்தனை. பாதரச முறைக்குப் போதுமான பரும்பொடி இதற்குப் போதாது. முறை வளர வளர, பொடி மேலும் நுண்மையாயிற்று. பொன்னை முழுதாகப் பெற்றுத் தந்த அந்த நுண்மையே காற்றுக்கும் வாய்ப்பாயிற்று.

மணலைக் காற்று கையாளும் விதம் துகளின் அளவைப் பொறுத்தது. பருமணல் தரையை விட்டு எழாமல் உருளும். நடுத்தர மணல் சிறிது தொலைவு துள்ளித் துள்ளிச் செல்லும். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளில் காணும் சிவந்த தேரிமணல் மேடுகள் இவ்வாறு காற்றால் குவிந்தவையே. மாவு போன்ற நுண்துகளோ எழும்பிய பின் எளிதில் இறங்குவதில்லை; மிதந்தே நெடுந்தொலைவு சென்றுவிடும். துள்ளும் மணல் தரையில் மோதும்போதெல்லாம் கீழே படிந்திருக்கும் நுண்துகளை எழுப்பிவிடுகிறது. சயனைடு மேட்டின் உச்சியிலிருந்து ஆடிக் காற்றில் புகைபோலக் கிளம்புவது இதுவே.

இக்கசடு செடிகொடிகளுக்கும் உதவுவதில்லை. அதில் மக்கிய இலைதழையோ, நுண்ணுயிர்களோ, பயிருக்கு வேண்டிய தழைச்சத்தோ இல்லை. கந்தகக் கனிமங்கள் காற்றும் மழையும் பட்டு அமிலமாக மாறுகின்றன. விதை முளைத்தாலும், வேர் பற்றுவதற்குள் மேற்பரப்பே காற்றில் நகர்ந்துவிடுகிறது. அடிவாரத்தில் புல்லும் முட்புதரும் பிடித்துக்கொண்டாலும் உச்சி மொட்டையாகவே நிற்கிறது. செடி இல்லாததால் தூசு பறக்கிறது; தூசு பறப்பதால் செடி நிலைப்பதில்லை. சுற்றியுள்ள தோட்டங்களில் இலைமேல் படியும் பொடி வெயிலை மறைத்து, இலைத்துளைகளை அடைத்து வளர்ச்சியைக் குறைக்கிறது.

காற்று சுமந்து செல்லும் பொடி எத்துணைத் தொலைவு வினையாற்றும் என்பதற்கு வடதுருவப் பகுதியும் சான்று. 1870இல் கிரீன்லாந்தின் பனிப்பரப்பில் பயணம் செய்த நார்டன்ஷல்டு என்னும் ஆய்வாளர், மனித வாசமே இல்லாத அவ்விடத்தில் பனிக்குழிகளின் அடியில் கருநிறப் பொடி படிந்திருப்பதைக் கண்டார். வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். கரும்பொடியோ வெயிலை வாங்கிச் சூடேறித் தன்னைச் சுற்றியுள்ள பனியை உருக்கிக் குழியாக்கும். அலாஸ்காவில் 1970களில் அமைத்த சரளைச் சாலையின் இருமருங்கிலும் தூசு படிந்த பனி, மற்ற இடங்களைவிட முன்னதாகவே உருகியதையும், அங்கே தரையை மெத்தைபோல் மூடியிருந்த பாசி வகைகள் அழிந்ததையும் அறிவியலாளர் பதிவு செய்துள்ளனர். பனி இல்லாத தங்கவயலிலும், பனி மட்டுமே உள்ள துருவத்திலும் காற்றும் பொடியும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை.

மேட்டிலுள்ள கசடைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். சயனைடு மலை என்னும் பெயரைக் கேட்டு, அம்மண் முழுவதும் கொடிய நஞ்சு என்று கருதுவோர் உண்டு. சயனைடு வெயிலிலும் காற்றிலும் சிதையும் தன்மையுடையது. பல ஆண்டுகள் திறந்தவெளியில் கிடந்த மேற்கசடில் அதன் பெரும்பகுதி சிதைந்துவிடும். எஞ்சியிருக்கும் தீங்கு வேறு. படிகக்கல்லின் நுண்தூள் நுரையீரலுக்குள் சென்றால் வெளியேறுவதில்லை. சுரங்கத்துக்குள் பாறையைத் துளையிட்டோர் இத்தூளைச் சுவாசித்துச் சிலிகோசிஸ் என்னும் நோய்க்கு ஆளாயினர். 1940களில் தங்கவயல் தொழிலாளரிடையே நடந்த மருத்துவ ஆய்வு இந்நோயின் பரவலை வெளிப்படுத்தியது. சுரங்கத்துக்குள் பட்ட தூசும் மேட்டிலிருந்து பறக்கும் தூசும் அளவில் ஒன்றல்ல. எனினும் இரண்டும் ஒரே பாறையின் பொடிதான். பெயர் நஞ்சைச் சுட்ட, தீங்கு தூசில் இருந்தது.

மெக்ஆர்தரின் வாழ்க்கைக்குத் திரும்புவோம். அவருடைய முறையால் சுரங்க முதலாளிகள் பெருஞ்செல்வம் ஈட்டினர். காசெல் நிறுவனத்துக்கு உரிமத்தொகை செலுத்த வேண்டியிருந்ததே அவர்களை உறுத்தியது. டிரான்ஸ்வாலின் சுரங்க முதலாளிகள் நீதிமன்றம் சென்றனர். பொன் சயனைடில் கரையும் என்பதை ஷீலே 18ஆம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார். பாக்ரேஷன், எல்ஸ்னர், பாரடே ஆகியோரும் 19ஆம் நூற்றாண்டில் இதனை ஆராய்ந்திருந்தனர். எனவே இது புதுமை அன்று என்பது அவர்களின் வாதம். 1896இல் அக்காப்புரிமை செல்லாது எனத் தீர்ப்பாயிற்று. வாதம் சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆயினும், ஒரு நூற்றாண்டாக நூல்களில் உறங்கிய உண்மையைக் கொண்டு ஓர் அவுன்சு பொன்னையேனும் அம்முதலாளிகளில் ஒருவரும் மெக்ஆர்தருக்கு முன்னர் எடுத்ததில்லை. நியூசிலாந்து அரசு வேறு வழியில் சென்றது. 1897இல் 10,000 பவுன் கொடுத்துத் தன் நாட்டுக்குரிய உரிமையை விலைக்கு வாங்கி, சிறு சுரங்கத்தாரும் குறைந்த கட்டணத்தில் பயன்படுத்த வழிசெய்தது.

மெக்ஆர்தர் நிறுவனத்தை விட்டு விலகினார். காசெல் நிறுவனம் பொன் பிரிப்பதை விட்டுச் சயனைடு உற்பத்தியில் இறங்கித் தழைத்தது. கண்டுபிடித்தவருக்குக் கிடைத்த செல்வம் அவர் உலகுக்கு ஈட்டிக் கொடுத்ததோடு ஒப்பிடத் தக்கதன்று. சுரங்க, உலோகவியல் அறிஞர்களின் நிறுவனம் அவருக்குத் தங்கப்பதக்கம் அளித்தது. தங்கத்தைக் கரைத்தவருக்குத் தங்கத்தாலேயே சிறப்புச் செய்தனர்.

ஐம்பத்தைந்து வயதை நெருங்கியபோதும் அவர் ஓயவில்லை. அக்காலத்தில் புதிதாகப் பேசப்பட்ட ரேடியம் அவரை ஈர்த்தது. 1911இல் இங்கிலாந்தின் ரன்கார்னில் ரேடியம் பிரிக்கும் ஆலை ஒன்றைத் தொடங்கினார். 1915இல் அதனை ஸ்காட்லாந்தின் லோமண்ட் ஏரிக்கரையிலுள்ள பாலக் என்னும் ஊருக்கு மாற்றினார். அமெரிக்காவிலிருந்து கனிமத்தைத் தருவித்து, டன் கணக்கான கல்லிலிருந்து கிராமின் சிறு பகுதியே கிடைக்கும் ரேடியத்தைப் பிரித்தார். புற்றுநோய் மருத்துவத்துக்கும், முதல் உலகப் போரில் இருளிலும் ஒளிரும் கருவிமுகங்களுக்கும் அது பயன்பட்டது. மிகுதியான மண்ணில் மிகக் குறைவானதைத் தேடும் பதினான்கு வயதுச் சிறுவனின் வேலையையே அவர் இறுதிவரை செய்தார் எனலாம். 1920ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் காலமானார்.

அவர் மறைந்த பின்னும் எண்பது ஆண்டுகள் தங்கவயலின் தொட்டிகளில் சயனைடுக் கரைசல் ஊறிக்கொண்டிருந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டியது. பாறையில் பொன் குறைந்து செலவு மிகுந்ததால், 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. சங்கு ஓய்ந்தது, பலர் அன்றாடம் பெங்களூருக்கு இரயிலேறி வேலைக்குச் செல்லத் தொடங்கினர். மேடுகள் மட்டும் அப்படியே நின்றன.

மெக்ஆர்தரின் முறையும் பொன் அனைத்தையும் கரைத்துவிடவில்லை. ஒவ்வொரு டன் கசடிலும் சிறிதளவு எஞ்சியிருக்கக்கூடும் என்னும் எண்ணம் நெடுநாளாக உண்டு. பொன்விலை உயர உயர அவ்வெண்ணமும் வலுப்பெற்றது. 2024 ஜூன் மாதத்தில், 1,003 ஏக்கர் பரப்பில் கிடக்கும் பதின்மூன்று மேடுகளையும் மீண்டும் தோண்டிப் பொன் எடுக்கும் மைய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. மேட்டைக் கலைக்கும் நாள்களில் எழும் தூசை எவ்வாறு நனைத்து அடக்குவது, மறுபடியும் அரைபட்டு மேலும் நுண்மையாகும் பொடியை எங்கே சேர்த்து, எந்தச் செடியால் போர்த்துவது என்பவற்றுக்கான விடைகளையே மேடுகளின் அருகில் வாழ்வோர் எதிர்நோக்கியுள்ளனர்.